பாத்தாச்சு

இந்தப் பக்கம் உக்காருங்கக்கா, இங்கதான் ஃபேன் ஒழுங்கா ஓடுது. அந்த வரிசையில உக்காந்தா கதவு திறக்குறப்பல்லாம் மருந்து வாடை மூஞ்சில அடிக்கும். நான் காலையில ஏழு மணியிலேர்ந்து இருக்கேன், இந்த இடத்தோட சூட்சுமம் எல்லாம் பிடிபட்டுடுச்சு. பையை மடியிலயே வச்சுக்கிட்டு இருக்காதீங்க, கீழ வைங்க. இங்க இருக்குற யாருக்கும் அடுத்தவங்க பையைப் பாக்குற மனசு இல்ல.

உள்ள யாரு? வீட்டுக்காரரா. குடலிறக்கமா? அது ஒண்ணுமில்லக்கா, ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பயப்படாதீங்க. எனக்கு அம்மா. போர்டுல மூணாவது பேரு பாருங்க, செண்பகவல்லி, அறுபத்தெட்டு, கோவில்பட்டி. வலது கால். சுகர் புண்ணு. ஒன்பதே கால் மணிக்கு ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போனாங்க.

எவ்வளவு எடுக்கப் போறாங்கன்னு இன்னும் தெரியாது. திறந்து பாத்தாத்தாம்மா சொல்ல முடியும்னு டாக்டர் சொல்லிட்டாரு. குதிகாலைக் காப்பாத்த முடிஞ்சா முன்பாதத்தோட நிறுத்திடுவேன், முடியலேன்னா முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்னாரு. குதிகால் இருந்தா ஊன்றி நிக்கலாமாம், வீட்டுக்குள்ளயாவது நடமாடலாமாம். எங்கம்மா டெய்லர்க்கா. மிஷின் மிதிக்கிற கால் அது. காலையிலேர்ந்து குதிகால் குதிகால்னு அந்த ஒரு வார்த்தைதான் மனசுல ஓடுது. எந்தச் சாமியக் கும்பிட்டாலும் குதிகால்னுதான் வாயில வருது. மணி என்ன ஆகுது? பத்து அஞ்சா. சரி, இன்னும் நேரம் இருக்கு.

நான் சுகந்தி. மெட்ராஸ்ல வேலை. என்ன வேலைன்னா, சொன்னா சிரிக்கக் கூடாது. உடம்பைப் பாத்துக்கிறதுக்குன்னு போன்ல ஆப் வருதுல்ல, அப்படி ஒண்ணை டிசைன் பண்றது நான். சுகர், பிரஷர் இருக்கிறவங்களுக்கான ஆப். மாத்திரை போட்டாங்களா, நடந்தாங்களா, என்ன சாப்பிட்டாங்க, கால்ல புண் இருக்கா, எல்லாத்தையும் தினம் கேட்டுக் குறிச்சு வச்சு, கொஞ்சம் கொஞ்சமா உடம்பைத் தேத்துறது. அதுக்குள்ள இருக்குற கணக்கெல்லாம் எழுதுறது வேற ஆளுங்க. திரையில என்ன வரணும், என்ன நிறம், என்ன வார்த்தை, பட்டன் எவ்வளவு பெருசு, அது பூரா நான். நீங்க சிரிக்கல. நேத்து வார்டுல ஒரு நர்சம்மா சிரிச்சிடுச்சு.

என் மேல தப்புன்னு நான் சொல்ல வரல. தப்பு யார் மேலன்னுதான் நாலு நாளா யோசிச்சுக்கிட்டிருக்கேன். நடந்ததை நடந்தபடி சொல்றேன், நீங்களே சொல்லுங்க.

முதல்ல அந்த ஆப்பை யாரும் சீண்டவே இல்லக்கா. காஞ்சிபுரம் பக்கம் நூறு பேருக்குக் கொடுத்துப் பாத்தோம். "பாதப் பரிசோதனை மேற்கொண்டீர்களா? ஆம். இல்லை." இப்படித்தான் கேக்கும். அப்ப எழுதினது வேற யாரோ, நான் இல்ல. நூத்துல முப்பது பேரு கூட பதில் அமுக்கல. ஒரு பெரியவரு என்கிட்டயே சொன்னாரு, "இது என்னம்மா, தாலுகா ஆபீஸ்ல நிக்க வச்சுக் கேக்குற மாதிரி இருக்கு, நான் மூடி வச்சுட்டேன்"னு. எங்க மேனேஜர் அபிஜித், பூனாக்காரர், தமிழ் ஒரு எழுத்து தெரியாது. அவரு என்னைக் கூப்பிட்டு, "சுகந்தி, உங்க ஊர்க்காரங்க யாரும் அமுக்க மாட்டேங்கிறாங்க, ஏதாவது செய்யி, இல்லேன்னா இதை மூடிடுவாங்க"ன்னாரு.

அன்னைக்குச் சாயந்திரம் அம்மா போன் பண்ணுச்சு. எடுத்ததும் அதோட முதல் கேள்வி, "சாப்டாச்சா?" நான் அன்னைக்கு மத்தியானமே சாப்பிடல. இந்த டென்ஷன்ல எங்க சாப்பிட. ஆனா என்ன சொன்னேன் தெரியுமா? "ஆச்சும்மா"ன்னேன். யோசிக்கவே இல்ல, வாய் தானா சொல்லிடுச்சு. போனை வச்சதும் எனக்குப் பளிச்சுன்னு பிடிபட்டுச்சு. இப்படில்ல கேக்கணும். இப்படிக் கேட்டா யாரும் யோசிக்கவே மாட்டாங்க, பதில் வந்துடும். மறுநாள் ஆபீஸ்ல எல்லாத்தையும் அழிச்சுட்டு நானே எழுதினேன். "அம்மா, கால் ரெண்டையும் பாத்தாச்சா?" கீழ பெருசா ஒரு பச்சை பட்டன், "பாத்தாச்சு". பக்கத்துல சின்னதா சாம்பல் கலர்ல, "இன்னும் இல்ல". அதுக்கும் கீழ செவப்புல, "புண் இருக்கு". அவ்வளவுதான்.

குரலும் என் குரல்தான். ஆளு வச்சுப் பேச வைக்கலாம்னாங்க, நான் விடல. மீட்டிங் ரூம்ல ஏசியை நிறுத்திட்டு, கதவைச் சாத்திட்டு, எங்கம்மா எதிர்ல உக்காந்திருக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டுப் பேசினேன். "மாத்திரை போட்டாச்சா? கால் ரெண்டையும் பாத்தாச்சா?" ஒரு வார்த்தைக்கு நாப்பது தடவை பேசியிருப்பேன். அமுக்குனதுக்கு அப்புறம் ஒரு வரி வரும், "ரொம்ப சந்தோஷம்மா, நாளைக்கும் பாப்போம்"னு. அதுவும் நான்தான். ஆம்பளைங்களுக்கு அம்மாவுக்குப் பதிலா அப்பான்னு வரும்.

இன்னொண்ணும் வச்சேன். இதைக் கேளுங்க. அந்தச் சத்தத்தை அணைக்க முடியாது. மூணு பட்டன்ல ஒண்ணை அமுக்குற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கும். "இன்னும் இல்ல"ன்னு அமுக்குனா பத்து நிமிஷம் விட்டு மறுபடி கேக்கும். வீட்டுல பெத்த பொண்ணு இருந்தா நச்சரிக்க மாட்டாளா, அது மாதிரி. எல்லாரும் ஆகா ஓகோன்னாங்க. அடுத்த மாசம் கணக்கெடுத்தா நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேரு பதில் அமுக்கியிருக்காங்க. கேக் வெட்டினாங்க. என் பேரைச் சொல்லிக் கை தட்டினாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு, அவ்வளவு சந்தோஷம்.

ஒருத்தர் மட்டும் கை தட்டல. டாக்டர் அருமைநாயகம்னு ஒருத்தர், எங்களுக்கு யோசனை சொல்றதுக்கு மாசம் ஒருக்க வருவாரு. அவரு கேக்கைக் கையில வச்சுக்கிட்டே, "அமுக்குறாங்க, சரி. குனிஞ்சு பாக்குறாங்களா?"ன்னாரு. எனக்குச் சுள்ளுன்னு வந்துச்சு. "சார், நம்ம ஜனங்களை நாமளே நம்பலேன்னா வேற யாரு சார் நம்புவா?"ன்னேன். அதுக்கும் கை தட்டினாங்க. அவரு கேக்கைத் தின்னுட்டுப் போயிட்டாரு.

எங்கம்மாவுக்கு அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தது போன வருஷம் பொங்கலுக்குப் போனப்ப. பக்கத்துல உக்கார வச்சு ஒண்ணொண்ணாச் சொல்லிக் கொடுத்தேன். தரையில ஒரு கண்ணாடியைப் போட்டு, அதுக்கு மேல காலைத் தூக்கிக் காட்டினா உள்ளங்கால் தெரியும்னு செஞ்சு காமிச்சேன். அம்மா சிரிச்சுச்சு. "முதுகு குனியாது, கண்ணுல புரை, கண்ணாடியில எனக்கு என்னத்த தெரியப்போகுது"ன்னுச்சு. பழகிடும்மான்னேன். "சரி சரி, நான் பாத்துக்கிடுதேன், நீ கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு"ன்னு அனுப்பி வச்சுச்சு.

அம்மாவைப் பத்தி உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நாப்பது வருஷமா ஜாக்கெட் தைக்குது. அந்தத் தெருவுல பாதிக் கல்யாணத்துக்கு எங்கம்மா கையாலதான் ஜாக்கெட். யாராவது வாசல்ல வந்து நின்னு, "அக்கா, தச்சாச்சா?"ன்னு கேட்டா அம்மா என்ன சொல்லும்ங்கிறீங்க? "ஆச்சு தாயி, ஹூக்கு மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வா"ங்கும். துணியை இன்னும் வெட்டியே இருக்காது. பீரோவுக்கு மேல அப்படியே கவர்ல கெடக்கும். ஆனா இல்லைன்னு சொன்னதே கிடையாது. வந்தவ மனசு நோகக் கூடாதாம். அவ போனதும் உக்காந்து விடிய விடியத் தச்சு மறுநாள் கொடுத்துடும். சின்ன வயசுல நானும் அண்ணனும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். இப்ப எதுக்கு இதைச் சொன்னேன்? சும்மா, அம்மா எப்படிப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத் தெரியணும்ல, அதுக்கு.

மத்தபடி எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துச்சு. அம்மாவுக்குப் பதினோரு மணிக்குக் காலைக் கேக்குற மாதிரி வச்சிருந்தேன். சமையல் முடிஞ்சு மிஷின்ல உக்காருற நேரம். பதினோரு மணி ரெண்டு நிமிஷத்துக்கு என் போன்ல ஒரு பச்சை விழும். "அம்மா நல்லா இருக்காங்க"ன்னு ஒரு வரி. வீட்டு ஆளுங்களுக்கு அப்படி ஒரு தகவல் போகணும்ங்கிறதும் என் யோசனைதான். நான் மீட்டிங்ல இருப்பேன், ஓரக்கண்ணால பாப்பேன், பச்சை. அன்னைக்கு வேலை சரியா ஓடும். ஒரு நாள் தவறலக்கா. ஒரே ஒரு நாள் கூடத் தவறல.

முன்னெல்லாம் தினம் ராத்திரி போன் பண்ணிப் பேசுவேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும்னு ஆச்சு. அப்புறம் அதுவும் எப்பவாவதுதான். பேசுறதுக்கு என்ன இருக்கு, எல்லாந்தான் போன்லயே தெரியுதே. சுகர் எவ்வளவு, எத்தனை மணிக்கு எந்திரிச்சுச்சு, எவ்வளவு நடந்துச்சு, அத்தனையும் எனக்குத் தெரியும். பக்கத்துல இருக்குற பொண்ணுக்குக் கூட இவ்வளவு தெரியாது. அண்ணன் மஸ்கட்லேர்ந்து கேட்டாலும் நான்தான் சொல்லுவேன், அம்மா நல்லா இருக்கு, நான் தினம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னு.

ஊருக்கா? இல்லக்கா, அதுக்கப்புறம் போக முடியல. தீபாவளிக்கு எங்க ஆப்ல புதுசா நிறைய மாத்தி வெளியிட்டோம், லீவே இல்ல. இந்தப் பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்கல. அதனால என்ன, நான்தான் சொல்றேனே, தினம் ரெண்டு தடவை கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்.

முன்னூறாவது நாள் அன்னைக்கு எங்க பெரிய முதலாளி முன்னாடி எங்கம்மா போட்டோவைத்தான் காட்டினேன். மிஷின்ல உக்காந்து மூக்குக் கண்ணாடிக்கு மேல பாக்குற போட்டோ. செண்பகவல்லி, கோவில்பட்டி, முன்னூறு நாள் விடாமக் காலைப் பாத்த முதல் ஆள்னு போட்டிருந்தேன். தமிழ்நாட்டுலயே எங்கம்மாதான் முதல். அம்மாகிட்டச் சொன்னேன். "என் மூஞ்சியவா காமிச்ச, தலையக் கூட ஒழுங்காச் சீவலயே"ன்னு கூச்சப்பட்டுச்சு. ஆனா தெரு முழுக்கச் சொல்லியிருக்கு. மகளோட ஆபீஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட்டுன்னு.

கொஞ்சம் இருங்க, கதவு திறக்குது. இல்ல, அது வேற யாருக்கோ. மணி என்னக்கா? பத்து இருபத்தஞ்சு.

போன வாரம் செவ்வாக்கிழமை. பக்கத்து வீட்டு மரகதம் அத்தை போன் பண்ணாங்க. சொந்த அத்தை இல்ல, அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். எடுத்ததும், "ஏ சுகந்தி, உங்கம்மா காலைப் பாத்தியா நீ? வீட்டுக்குள்ள போனாலே ஒரு மாதிரி வாடை வருதுடி. மிஷின் மிதிக்கிற தகட்டுல ரத்தக்கறை இருக்கு. கேட்டா ஒண்ணுமில்லங்கா"ன்னாங்க. நான் என்ன பண்ணினேன்? ஆப்பைத் திறந்து பாத்தேன். அன்னைக்குக் காலையில பதினோரு மணி ரெண்டு நிமிஷத்துக்குப் பச்சை. "இல்லத்தே, இன்னைக்குக் காலையில கூட பாத்தாச்சுன்னு போட்டிருக்கு"ன்னேன். அவங்களுக்குப் புரியல. "போட்டிருக்கா? எங்க போட்டிருக்கா? நான் என் கண்ணால பாத்ததைச் சொல்லுதேன்"னாங்க. "நானும் கண்ணாலதான் அத்தே பாக்குறேன், நானூறு நாளாப் பாக்குறேன்"னேன். கொஞ்சம் குரலை உசத்திட்டேன். அவங்க போனை வச்சுட்டாங்க.

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேக்காம விடுவேனா. "மிதிச்சதுல லேசாத் தோல் உரிஞ்சிருக்கு, வலியே இல்ல, மரகதம் சும்மா பெருசு பண்ணுதா"ன்னுச்சு. சுகர்காரங்களுக்குக் கால் மரத்துப் போனா வலிக்காதுக்கா. அதைப் படம் போட்டு எங்க ஆப்ல விளக்கி வச்சவளே நான்தான். "நீ பாத்தியாம்மா?"ன்னேன். "பாத்தாச்சு பாத்தாச்சு"ன்னுச்சு. சரி, சனிக்கிழமை வாறேன்மான்னேன். புதன்கிழமை பச்சை. வியாழக்கிழமை பச்சை. வெள்ளிக்கிழமை காலையில அம்மாவுக்குக் குளிர் சுரம் வந்து பேச்சுத் தடுமாறியிருக்கு. மரகதம் அத்தைதான் ஆம்புலன்ஸ் பிடிச்சு இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து சேத்தாங்க. அன்னைக்கும் பச்சை வந்துச்சுக்கா. பதினோரு மணிக்கு. ஆம்புலன்ஸ்ல படுத்துக்கிட்டு அமுக்கியிருக்கு.

நான் வந்ததும் டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. மூணு நாள் முன்னாடி கொண்டாந்திருந்தா ரெண்டு விரலோட போயிருக்கும்மான்னாரு. மூணு நாள். செவ்வாய், புதன், வியாழன். அவரு சாதாரணமாச் சொன்னாரு, எல்லார்கிட்டயும் சொல்றதைத்தான் சொல்லியிருப்பாரு.

சுகர் இறங்கட்டும்னு நாலு நாள் வச்சிருந்தாங்க. அந்த நாலு நாளும் நான் கூடவே இருக்கேன். கேளுங்க, நேத்து நடந்ததை. காலைச் சுத்தி இவ்வளவு பெரிய கட்டு. பதினோரு மணிக்குத் தலகாணிக்கு அடியிலேர்ந்து என் குரல். "அம்மா, கால் ரெண்டையும் பாத்தாச்சா?" நான் பக்கத்துல நிக்குறேன். அம்மா போனை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டு, நிதானமாப் பச்சையை அமுக்கிட்டு, திரும்ப அடியில வச்சுச்சு. நானூத்திப் பன்னெண்டாவது பச்சை.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். வார்டுன்னு கூடப் பாக்கல. "என்னம்மா பண்ற நீ? எதைப் பாத்த? எந்தக் காலைப் பாத்த? நானூறு நாளா என்னைய ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கியே"ன்னேன். பக்கத்துக் கட்டில்ல எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க. அம்மா மெதுவா, "நீ கேக்குத. உன்கிட்ட எப்படி இல்லைன்னு சொல்ல?"ன்னுச்சு.

"அது நான் இல்லம்மா, ரெக்கார்டு"ன்னேன். "தெரியும்"ன்னுச்சு. "தெரிஞ்சுமா?"ன்னேன். "குரல் உன் குரல்தான"ன்னுச்சு. "அந்தச் சின்ன பட்டன் இருக்குல்ல, இன்னும் இல்லன்னு, அதை அமுக்கியிருக்கலாம்ல"ன்னேன். அமுக்குச்சாம், முத வாரம் ரெண்டு நாள். பத்து நிமிஷத்துக்கு ஒருக்க கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். குனியவும் முடியல, கண்ணாடியிலயும் தெரியல, நீ பாவம் கேட்டுக்கிட்டே இருக்கியேன்னு பெருசை அமுக்கிட்டேன்னுச்சு. சரி, செவப்பு பட்டன்? புண் இருக்குன்னு? "அதை அமுக்குனா உனக்குத்தான தகவல் வரும். நீ ஆபீஸ்ல இருப்ப. பதறுவ"ன்னுச்சு.

பாருங்க, எப்படிப் பேசுதுன்னு. இதுல வேற மரகதம் அத்தை ஒண்ணு சொன்னாங்க. போன்ல என் குரல் வந்ததும் அம்மா வாய்விட்டுப் பதில் சொல்லுமாம். "ஆச்சும்மா, நீ சாப்டியா?"ன்னு கேக்குமாம். கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் போனையே பாத்துக்கிட்டு இருக்குமாம். "நான் கூட அந்த நேரம் தினம் போய் உக்காந்து வேடிக்கை பாப்பேன்"னு அத்தை சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. இதெல்லாம் ஒரு பழக்கமா? அந்த ஆப்ல திரும்பிப் பேசுற வசதியே நாங்க வைக்கல.

நான் கொடுமைக்காரி இல்லக்கா. எனக்கு ஆத்தாமை. உலகத்துல இருக்குற அத்தனை பேரோட காலுக்கும் ராத்திரி பகலா யோசிச்சிருக்கேன், எங்கம்மா கால்ல புண்ணுன்னு எனக்கு அடுத்த வீட்டுக்காரங்க சொல்ல வேண்டியிருக்கு. தினம் கேட்டேன். தினம் பதில் சொல்லுச்சு. இதுல நான் எந்த இடத்துல தப்புப் பண்ணினேன்? சொல்லுங்க. எனக்குத் தெரியல, நிஜமாத் தெரியல.

அதுக்கு இப்ப ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன். நேத்தே அபிஜித்துக்கு எழுதிப் போட்டுட்டேன். இனிமே சும்மா பட்டன் அமுக்குனா செல்லாது. உள்ளங்காலைப் போட்டோ எடுத்தாத்தான் பச்சை வரும். அப்ப ஏமாத்த முடியாதுல்ல?

யாரு எடுப்பாங்கன்னா கேக்குறீங்க?

ஆமா. தனியா இருக்குறவங்க உள்ளங்காலை அவங்களே எப்படி எடுக்குறது. அதை இன்னும் யோசிக்கல.

உங்களுக்கும் சுகரா? எத்தனை வருஷமா? கால் எரிச்சல் இருக்கா? பாருங்க, இவ்வளவு நேரம் சொல்லவே இல்ல. போனைக் கொடுங்க, ஆப்பைப் போட்டுத் தர்றேன், ஒரு நிமிஷம் ஆகாது. ஓ, பட்டன் போனா. அதுல ஏறாது. பரவாயில்ல, மகனோட போன் நம்பர் இருந்தாச் சொல்லுங்க, அனுப்பி வைக்கிறேன். நல்ல ஆப்க்கா. நான் சொல்றேனேன்னு நினைக்காதீங்க. நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு பேரு.

என்ன கூப்பிட்டாங்க? செண்பகவல்லி கூட வந்தவங்களா? நான்தான் சிஸ்டர், நான்தான், மக. அக்கா, இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. அம்மாவோட சாமான்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. வந்துடுறேன்.

வந்துட்டேன்.

ஒண்ணுமில்ல, ஒரு கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டாங்க. தண்ணி வேண்டாம்க்கா. சரி, ஒரு வாய் கொடுங்க.

குதிகால் இல்லக்கா. சீழ் அதுக்குள்ளயும் போயிடுச்சாம். டாக்டர் மாஸ்க்கோட வந்து நின்னு, எவ்வளவோ பாத்தேம்மா, வச்சிருந்தா உயிருக்கு வந்துடும்னாரு. முழங்காலுக்குக் கீழ நாலு விரக்கடை விட்டு எடுப்பாங்களாம். கையெழுத்துப் போட்டேன். வேற என்ன பண்றது. மிஷினுக்கு மோட்டார் வச்சுக்கலாம்னு அண்ணன் மூணு வருஷம் முன்னாடியே வாங்கிக் கொடுத்தான். அது மிதிக்கிற மாதிரி வராதுன்னு அம்மா டப்பாவைப் பிரிக்கவே இல்ல. இனிமே பிரிக்கலாம். மயக்கம் தெளிஞ்சு முழிச்சதும் நான்தான் சொல்லணும்னாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எந்த வார்த்தையில சொல்றதுன்னு தெரியல. எல்லாருக்கும் வார்த்தை எழுதுறது என் வேலை, எனக்கு ஒரு வார்த்தை வரல. அம்மா முதல்ல என்ன கேக்கும் தெரியுமா? சாப்டாச்சான்னுதான் கேக்கும்.

இல்ல, நான் அழல. அழுதா ஆகுற காரியமா இது.

என்ன சத்தம்? என் பைதான். அம்மாவோட போன்க்கா. உள்ள போறப்ப வளையல், மூக்குக் கண்ணாடி, போன் எல்லாத்தையும் கழட்டி என்கிட்டக் கொடுத்துச்சு. பத்திரமா வச்சுக்கோன்னுச்சு. மணி பதினொண்ணு ஆயிடுச்சா.

ஆமா, என் குரல்தான். கேக்குதா உங்களுக்கு? "அம்மா, கால் ரெண்டையும் பாத்தாச்சா?" இப்பக் கேட்டா வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு. எவ்வளவு சந்தோஷமாக் கேக்குறேன் பாருங்க.

எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. அணைக்க முடியாதுக்கா. சத்தத்தைக் குறைக்கவும் முடியாது, அப்படித்தான் வச்சிருக்கோம். போனையே நிறுத்தினா, நிறுத்துறதுக்கு அம்மா ஏதோ ரகசிய நம்பர் போட்டு வச்சிருக்கு, எனக்குத் தெரியாது. மூணுல ஒண்ணை அமுக்குற வரைக்கும் விடாது. மறுபடியும் கேக்குது பாருங்க. கால் ரெண்டையும்.

இன்னும் இல்லன்னு அமுக்கலாம். அமுக்குனா பத்து நிமிஷத்துல மறுபடி கேக்கும். அப்புறம் மறுபடி பத்து நிமிஷம். உள்ள அறுத்துக்கிட்டு இருப்பாங்க, நான் இங்க உக்காந்து இதைக் கேட்டுக்கிட்டு இருக்கணும். செவப்பை அமுக்கலாம். புண் இருக்குன்னு அமுக்குனா தகவல் எனக்குத்தான் வரும். எனக்குத்தான வரும். நான்தான் இங்க வந்துட்டேனே.

இருங்கக்கா.

அமுக்கிட்டேன். ஆமா, பெருசைத்தான். வேற எதை அமுக்கச் சொல்றீங்க என்னைய.

என்ன சொல்லுதுன்னு கேட்டீங்களா? "ரொம்ப சந்தோஷம்மா, நாளைக்கும் பாப்போம்"ங்குது. நானூத்திப் பதிமூணு. இந்தா, என் போனுக்கும் வந்துடுச்சு. பச்சை. அம்மா நல்லா இருக்காங்களாம்.